மூச்சும் மின்சாரமும்

மணி ஒலித்தது, முரசு முழங்கிற்று, சேகண்டி அதிர்ந்தது. அடித்தவர் யாரென்று திரும்பிப் பார்த்தோம். எவருமில்லை!

பேராவூரணி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் கோயில் அது. அந்தி நேரம். மண்டபத் தூணோரம் ஓர் இரும்புச் சட்டம்; அதிலே ஒரு முரசு, ஒரு சேகண்டி, இரண்டு மணிகள்; அடியிலே ஒரு மோட்டார். பூசாரி சுவரிலிருந்த பொத்தானைத் தட்டினார், மோட்டார் சுழன்றது, கோல்கள் எழுந்தன, விழுந்தன. ஒரே அளவு, ஒரே வேகம், ஒரே ஓசை. தீபாராதனை முடிந்ததும் மறுபடி பொத்தானைத் தட்டினார். கழுத்தை நெரித்தாற்போல் ஓசை நின்றது. வந்தோர் கலைந்தனர். ஒருவரும் தலையசைக்கவில்லை, 'ஆகா' என்று ஒரு சொல்லும் எழவில்லை. யாரிடம் சொல்வது? மோட்டாரிடமா?

நம்முடன் வந்திருந்தான் நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவன். அவன் அந்தத் தூணைச் சுட்டிக் காட்டினான்.

"எங்க தாத்தா அங்கதான் சார் நின்னு தவில் வாசிப்பாரு."

"இப்போது?"

"தவிலு பரண்ல கிடக்கு சார்."

அழவில்லை அவன், சினக்கவுமில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போல் சொன்னான். அதுதான் நம்மைச் சுட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தத் தென்னை நாட்டைப் புரட்டிப் போட்டபோது, கூரை பறந்த வீட்டுக்குள் அந்தத் தவிலை ஈரம் படாமல் அணைத்துக் காத்தவராம் அந்தப் பெரியவர். புயலுக்குத் தப்பிய தவில், ஒரு பொத்தானுக்குத் தப்பவில்லை!

திரும்பும் வழியில், கடைத்தெருத் தேநீர்க்கடையில் பழைய திரைப்பாட்டு ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. கீபோர்டின் மெல்லிய ஓசை மேகம்போல் பரவ, அதன்மேல் ஒரு காற்றுக்கருவி குழைந்து குழைந்து எழுந்தது. பையன் நின்றான். காதைக் கூர்மையாக்கிக் கேட்டான்.

"சார், இது நாயனமா?"

நல்ல கேள்வி! இசைப்புலவரும் உடனே விடை சொல்லத் தயங்கும் கேள்வி. "நாயனம் அன்று தம்பி, ஆனால் நாயனத்தின் பிள்ளை" என்றோம். அவனுக்கு விளங்கவில்லை. அவனுக்குச் சொன்ன வரலாற்றையே, இன்னும் சற்று விரித்து, இங்கே வைக்கிறோம்.

* * *

அன்று ஒலித்தது 'டூயட்' படத்தின் பாட்டு. 1994-இல் கே. பாலசந்தர் இயக்கிய படம். இசை ஏ. ஆர். ரகுமான், பாடல்கள் வைரமுத்து. கதைத் தலைவன் சாக்சபோன் வாசிப்பவன். திரையில் நடித்தவர் பிரபு. திரைக்குப் பின்னே நின்று மூச்சைக் கொடுத்தவர் கத்ரி கோபால்நாத். அந்நாளில் படம் ஒரு பக்கம் ஓடிற்று. ஒலிநாடா தனியாக வீடு வீடாக, பேருந்து பேருந்தாக ஓடிற்று. மின்னணுக் கருவியின் இனிய ஓசையும், மனித மூச்சால் ஒலிக்கும் கருவியும் ஒரே நாடாவில் தோளோடு தோள் சேர்ந்து நின்ற இசைத்தொகுப்பு அது.

யார் இந்தக் கோபால்நாத்? மங்களூர்ப் பக்கம், தென்கன்னட மாவட்டத்துச் சிற்றூரில் 1949-இல் பிறந்தவர். தந்தையார் நாகசுரக் கலைஞர். மகனும் நாயனத்தையே கையிலெடுத்தார். ஆனால், மைசூர் அரண்மனைக்குச் சென்ற இளம்பருவத்தில், அங்கிருந்த மேனாட்டு வாத்தியக் குழுவில் ஒரு பித்தளைக் கருவி மின்னக் கண்டார், ஓசை கேட்டார், மனத்தைப் பறிகொடுத்தார். 'இதிலே நம் இராகங்களை வாசித்தால் என்ன?' என்ற எண்ணம் பிறந்தது.

எண்ணுவது எளிது, இசைப்பது எளிதா? நம் இசையின் உயிர் கமகம். சுரம் ஓரிடத்தில் ஆணியடித்தாற்போல் நில்லாது. அசையும், வழுக்கும், வளையும், அடுத்த சுரத்தைத் தொட்டுத் திரும்பும். நாதசுரத்தில் துளைகள் திறந்த துளைகள். விரலைச் சற்றே விலக்கினால் சுரம் குழையும். சாக்சபோனிலோ துளைகளை மூடுவன உலோக மூடிகள். திறந்தால் திறப்பு, மூடினால் மூடல். கோபால்நாத் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். கருவியின் சில உறுப்புகளை மாற்றி அமைத்தார். உதட்டாலும் மூச்சாலும் சுரத்தை வளைக்கப் பழகினார். மங்களூரில் கற்றார், சென்னைக்கு வந்து டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். பித்தளை இளகிற்று, இராகம் பேசிற்று!

1994-இல் இலண்டனின் புகழ்மிக்க ஆல்பர்ட் மண்டபத்தில், பி.பி.சி. நடத்தும் 'பிராம்ஸ்' இசைவிழாவில் அவர் வாசித்தார். அதே ஆண்டில்தான் 'டூயட்' ஒலிநாடா நம் ஊர்த் தேநீர்க்கடைக்கு வந்து சேர்ந்தது. சீமைச் சீமாட்டியும் கேட்டாள். நாற்று நடும் நங்கையும் கேட்டாள். நாயனக்காரர் மகனின் மூச்சுக்கு ஆண்டு ஒன்று, அரங்கம் இரண்டு!

* * *

அந்தக் கருவியின் பிறப்பையும் சற்றே பார்ப்போம். பாடம் இருக்கிறது அதில்.

பெல்ஜிய நாட்டு இசைக்கருவி செய்பவர் மகன் அடால்ப் சாக்ஸ். 1814-இல் பிறந்தவர். மரக்குழலின் குழைவும் பித்தளையின் வீச்சும் ஒருங்கே கொண்ட கருவி ஒன்றைப் படைத்து, 1846-இல் பாரிசில் அதற்கு உரிமம் பெற்றார். வாழ்த்தினார்களா அவரை? வழக்குத் தொடுத்தார்கள்! பழைய கருவி செய்வோர் கூடி எதிர்த்தனர். வழக்கு, கடன், நொடிப்பு என்று அலைக்கழிந்து, 1894-இல் வறுமையிலே மாண்டார் அந்த மேதை. அவர் இறந்து சரியாக 100 ஆண்டுகள் கழித்து, அவர் பெயர் தாங்கிய கருவி கல்யாண வசந்த இராகம் பாடிற்று, தமிழ்நாட்டின் தெருக்களில்!

இடையிலே இன்னொரு கொடுமையும் நடந்தது. அமெரிக்காவில் அந்தக் கருவியைக் கையிலெடுத்துப் பேசவைத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் கறுப்பின மக்கள். கோல்மன் ஹாக்கின்சும், சார்லி பார்க்கரும், ஜான் கோல்ட்ரேனும் அதிலே தம் இனத்தின் துயரையும் துடிப்பையும் ஊதினர். பொறுக்குமா இனவெறி? 1938-இல் செருமனியின் டுசல்டார்ப் நகரில் நாசிகள் 'இழிந்த இசை' என்று பெயரிட்டு ஒரு கண்காட்சி நடத்தினர். அதன் விளம்பரத் தாளில் அச்சிட்டது என்ன தெரியுமா? சாக்சபோன் ஊதும் கறுப்பர் ஒருவரின் கேலிப்படம்!

கருவியா இழிந்தது? கருவி செய்த குற்றம் என்ன? வாசித்தவன் தோல் கறுப்பு. ஆகவே இசை இழிவு! ஆள் யார் என்று பார்த்துவிட்டுப் பிறகு ஓசையை எடைபோடும் இந்தத் தராசு, செருமனிக்கு மட்டும் உரியதா? நம் நாட்டு அங்காடியில் அது கிடைக்காத பொருளா?

* * *

பட்டுக்கோட்டை நமக்கு அடுத்த ஊர். அந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர் அழகிரிசாமி, தன்மான இயக்கத்தின் அஞ்சா நெஞ்சன். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். நாதசுரம் வாசித்து வந்த சிவக்கொழுந்து என்ற கலைஞர் தோளில் துண்டு போட்டிருந்தார். 'எடு துண்டை!' என்று முழங்கினர் ஊர்ப் பெரியதனக்காரர்கள். நாயனம் வேண்டும், நாயனக்காரன் தோளில் துண்டு கூடாது! 'எடுக்காதீர்!' என்று குறுக்கே நின்றார் அழகிரி. ஊர்வலம் நின்றது, வாக்குவாதம் வளர்ந்தது, துண்டு தோளிலேயே இருந்தது.

ஒரு முழத் துண்டுக்கா இத்தனை போராட்டம் என்று இன்று கேட்கலாம். துண்டன்று அது, பெயர்! 'நானும் ஒரு மனிதன், என் கலைக்கு உரியவன் நான்' என்று எழுதிய பெயர்ப்பலகை. திருவாவடுதுறை இராசரத்தினம் (1898–1956) கண்ட வெற்றியும் அதுதானே! தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி என்று நாடு புகழ்ந்த அந்த மேதை, மேடையிலே சரிசமமாக அமர்ந்து நாதசுரம் வாசித்து, கருவியை மட்டுமன்று, கருவிக்காரரையும் உயர்த்தினார்.

'பழமை, தூய்மை' என்று ஓயாமல் பேசுவோர்க்கு இன்னொரு செய்தி. அந்த இராசரத்தினம் வாசித்தது அவர் பாட்டன் வாசித்த அதே நாயனம் அன்று. முன்பு வழங்கியது 'திமிரி' — குட்டையானது, உச்சக் குரல் கொண்டது. நரசிங்கம்பேட்டைக் கருவிக் கைவினைஞர் ரங்கநாத ஆசாரி ஆச்சா மரத்தைக் கடைந்து, நீளம் கூட்டி, துளை திருத்தி, ஆழ்ந்த குரல் கொண்ட 'பாரி' நாயனத்தைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். இன்று ஊர்கள்தோறும் ஒலிப்பது அதுவே. அந்த நரசிங்கம்பேட்டை நாதசுரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நேற்றுப் புதுமை, இன்று மரபு! தவில் மட்டும் என்ன? வார்பிடித்து இழுத்துக் கட்டிய தவிலுக்கு இன்று இரும்பு வளையமும் திருகாணியும் வந்துவிட்டன. ஒலி கெட்டதா? உலகம் இடிந்ததா?

வந்தவற்றைக் கணக்கெடுப்போமா? பிடில் சீமையிலிருந்து வந்தது. அதை நம் இசைக்குப் பழக்கியவர்களில் ஒருவர் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு. அவர் திறமைக்கு மகிழ்ந்து திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசளித்தார். கிளாரினெட் வந்தது, நாதசுரம் கற்ற திருச்சி ஏ. கே. சி. நடராசன் அதை நம் இராகங்களுக்கு வளைத்தார். 2022-இல் பத்மசிறீ விருதும் பெற்றார். ஆர்மோனியம் பிரான்சிலிருந்து வந்தது. நம் நாடக மேடைகளை ஆண்டது. ஆனால், அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது! கட்டைக்குக் கட்டை சுரம் நிலைத்து நிற்கிறது, கமகம் பிறக்கவில்லை, ஆகவே இது நம் இசைக்கு ஒவ்வாது என்றனர். 30 ஆண்டுக்கு மேல் நீடித்த அந்தத் தடை 1971-இல்தான் தளரத் தொடங்கிற்று. ஊரெல்லாம் கேட்ட பெட்டிக்கு வானொலி நிலையத்தின் வாயில் மட்டும் மூடிக் கிடந்தது!

குறை சொன்னவர்கள் சொன்னது முழுப் பொய்யன்று. கட்டையிலே கமகம் கடினம்தான். ஆனால், குறையைக் கண்டால் திருத்த வேண்டும். கருவியை நாடு கடத்தக் கூடாது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு, மின்னணுக் கருவியிடம் வருவோம்.

* * *

1920-இல் இரசிய நாட்டு லெவ் தெர்மன், தொடாமலே வாசிக்கும் மின்கருவி ஒன்றைச் செய்தார். கையைக் காற்றில் அசைத்தால் ஓசை எழும். 1964-இல் அமெரிக்காவின் இராபர்ட் மூக், மின்னோட்டத்தைக் கொண்டே ஓசைகளை உருவாக்கும் 'சிந்தசைசர்' கருவியை உருவாக்கினார். அது இந்தியாவுக்கும் விரைவிலேயே வந்தது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் மூக் கருவி ஒன்று நிறுவப்பட்டது. 1979-இல் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப் பெட்டியைச் செய்தார். தம்புராவைச் சுமந்து திரிய முடியாத எளிய பாடகனும் கைப்பெட்டிக்குள் சுருதியை எடுத்துச் செல்ல முடிந்தது. தூய்மை பேசிய மேடைகளிலேயே இன்று அது சிணுங்குகிறது, சினப்பார் எவருமில்லை!

1983-இல் 'மிடி' என்ற பொதுமுறை பிறந்தது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொதுமொழி அது. அது ஓசையைச் சேமிப்பதில்லை. எந்தக் கட்டை, எப்பொழுது, எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நேரம் என்ற கணக்கை மட்டும் சேமிக்கும். கணினி அந்தக் கணக்கைப் பார்த்துக் கருவியை வாசிக்க வைக்கும். இசையில் கணக்கா என்று மலைக்க வேண்டாம். இசையின் சுருதிகளைக் கணக்கிட்டு 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை 1917-இல் வெளியிட்டவர், நம் தஞ்சையிலே வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர்!

தமிழ்த் திரையில் இந்தக் கணக்கு நுழைந்த காலம் 1980களின் நடுப்பகுதி. 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராசா கணினியை இசைக்குப் பயன்படுத்தினார். அவர் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர்களில் ஒருவர் பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் ஆனார். 1967-இல் பிறந்தவர், திரையிசையில் உழைத்த தந்தை ஆர். கே. சேகரை 9 வயதில் இழந்தவர். தந்தை விட்டுச் சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டு அந்தக் குடும்பம் பிழைத்தது. கருவி சோறு போட்ட வீட்டுப்பிள்ளை அவர். சென்னைக் கோடம்பாக்கத்தில், வீட்டோடு சேர்ந்த ஒலிப்பதிவுக்கூடம் அமைத்துக்கொண்டு, 1992-இல் 'ரோஜா' தந்தார். முதற் படத்திற்கே தேசிய விருது.

அந்த வழியில் வந்ததே 'டூயட்'. அங்கே கணினி செய்ததென்ன? தாளத்தின் அடித்தளத்தை வழுவாமல் பிடித்தது. கீபோர்டு செய்ததென்ன? நீண்ட சுரக்கூட்டுகளை விரித்தது, கட்டாந்தரைமேல் கம்பளம் விரிப்பதைப் போல. எது தன்னால் முடியுமோ அதைச் செய்தது எந்திரம். எது முடியாதோ அதை மனித மூச்சுக்கு விட்டுக்கொடுத்தது. கமகம் மூச்சின் வேலை. அசைவு மூச்சின் வேலை. உயிர் மூச்சின் வேலை. கணக்குத் தரையானது, மூச்சுக் கூத்தாடிற்று!

இதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. பதிவுக்கூடத்தில் கோபால்நாத் ஓர் இராகம் வாசித்தார். இது இல்லை என்றார் இசையமைப்பாளர். இன்னொன்று வாசித்தார், இதுவும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல இராகங்கள் கடந்து, கல்யாண வசந்தம் எடுத்ததும், 'இதுதான்!' என்று முகம் மலர்ந்தாராம் இசையமைப்பாளர். பின்னாளில் கோபால்நாத்தே சொன்ன செய்தி இது. எண்ணிப் பாருங்கள்! கணினி கையிலே இருக்கிறது. கட்டையைத் தட்டினால் சாக்சபோன் போன்ற ஓசையைத் தானே கொடுக்கும். நொடியில் முடியும் வேலை. ஆயினும் காத்திருந்தார்! நாயனக்காரர் மகனின் மூச்சு தன் இராகத்தைக் கண்டுபிடிக்கும் வரையில், மின்சாரம் காத்துக்கொண்டிருந்தது.

ஓர் எந்திரம் நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்று அளக்க நாம் கண்ட அளவுகோல் இதுவே: அது காத்திருக்கிறதா? அதன் பின்னால் காத்திருக்க ஒரு மனிதன் இருக்கிறானா?

* * *

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. கணினி வந்த பிறகு கோடம்பாக்கத்தில் கலைஞர்களின் வேலை குறைந்தது. முன்பு ஒரு பாட்டுக்குப் பிடில்காரர்களே வரிசை வரிசையாக அமர்வார்கள். பிறகு, அந்த வரிசையின் ஓசையை ஒரு கீபோர்டு ஒருவாறு கொடுக்கத் தொடங்கியதும், அழைப்பு வராத காலைகள் பல வீடுகளில் விடிந்தன. புகழ் ஒருவருக்கு, பட்டினி பலருக்கு! ஒலிநாடாவை மெச்சிய நாம், அந்த வீடுகளை மறந்திடலாகாது.

'அப்படியானால் எந்திரத்தை ஒழி!' என்பார் ஒரு சாரார். நாம் அவர் பக்கமில்லை. பிடிலை ஒழித்திருந்தால் வடிவேலு இல்லை. சாக்சபோனை ஒழித்திருந்தால் கோபால்நாத் இல்லை. கீபோர்டை ஒழித்திருந்தால், தந்தையை இழந்த அந்தச் சிறுவன் என்ன ஆகியிருப்பான்? 'ஆள் எதற்கு? எல்லாம் எந்திரமே செய்யும்!' என்பார் மற்றொரு சாரார். அவர் பக்கமும் நாமில்லை. கோயில் தூணோரத்து இரும்புச் சட்டம் அவர்கள் சித்தாந்தத்தின் சிலை. மனிதனை எடுத்துவிட்டு ஓசையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அன்று துண்டை எடுக்கச் சொன்னார்கள்; இன்று ஆளையே எடுத்துவிட்டார்கள்!

ஊராரைக் குறை கூறும் முன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாரந்தான் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கீபோர்டு ஒன்றை வாடகைக்கு ஏற்பாடு செய்திருந்தோம். "எல்லாக் கருவியும் இதிலேயே இருக்கிறது, தவில்கூட ஒரு பொத்தானில் இருக்கிறது" என்று ஆசிரியர் அறையிலே பெருமை பேசியவர் வேறு யாருமில்லை, நாமேதான். தவில்காரர் வீட்டுப் பிள்ளை நம் வகுப்பிலே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அப்போது நம் நினைவில் இல்லை. பூசாரி தட்டிய பொத்தானுக்கும் நாம் தட்ட இருந்த பொத்தானுக்கும் என்ன வேறுபாடு? படித்த பட்டம் ஒன்றுதான் வேறுபாடு!

மறுநாள் மாலை அந்தப் பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமரச் செய்தார். பையன் பரணிலிருந்து தவிலை இறக்கினான். உறையைப் பிரித்தார், துடைத்தார், வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டினார், இடக்கையில் கழியைப் பிடித்தார். தட்டவில்லை. செய்தியைச் சொன்னோம். கீபோர்டும் தவிலும் சேர்ந்து ஒலிக்க வேண்டும், மேடையில் அவர் அமர்ந்து வாசிக்க வேண்டும், அழைப்பிதழில் அவர் பெயரை அச்சிடுவோம் என்றோம்.

நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு கேட்டார்:

"அந்த மிசினு எனக்காக நிக்குமா சார்? நான் ஒரு எடத்துல கொஞ்சம் இழுத்தா, அது காத்துக்கிட்டு இருக்குமா?"

ரகுமானும் கோபால்நாத்தும் கூடிய பதிவுக்கூடத்தில் எழுந்த கேள்வி, பேராவூரணிப் பக்கத்துத் திண்ணையிலே, படிக்காத ஒரு மேதையின் வாயிலிருந்து மறுபடி பிறந்தது! தானே ஓடும் தாளத்தைப் போட்டுவிட்டால் நிற்காது, அது உண்மை. அந்தத் தாளத்தை நிறுத்திவிட்டு, கட்டையை ஒரு மனிதன் கையாலே வாசித்தால்? அவன் நிற்பான், பெரியவர் முகத்தைப் பார்ப்பான், தலையசைவுக்குக் காத்திருப்பான்.

"உங்கள் பேரனே வாசிக்கட்டும் ஐயா. அவன் காத்திருப்பான்" என்றோம்.

பெரியவர் பேரனைப் பார்த்தார். பேரன் தவிலைப் பார்த்தான். "மொதல்ல இத கத்துக்கடா. அப்புறம் அத வாசிக்கலாம்" என்றார். விரல் விழுந்தது, தவில் பேசிற்று. நெடுநாள் மௌனத்திற்குப் பின் பேசுகிறவர்களுக்கு உரிய கரகரப்பு அதில் இருந்தது, உரிமையும் இருந்தது.

* * *

நம் ஊர் கடைமடை. மேட்டூர் அணை எழுந்த 1934-இல், கல்லணையிலிருந்து புதிய கால்வாய் ஒன்றும் வெட்டித் திறக்கப்பட்டது. புதுக்கால்வாயின் நீர் புன்செயை நன்செய் ஆக்கிற்று. எங்கோ குடகில் பிறந்த நீர் நம் வயலில் நெல்லாயிற்று. 'இது அயல்நாட்டு நீர், நம் பயிருக்கு ஆகாது' என்று எந்த உழவனும் மடையை அடைக்கவில்லை. கால்வாய் புதிது, ஆகவே தீட்டு என்று எவரும் சொல்லவில்லை. அவன் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேருமா?

இசைக்கும் அந்த ஒரு கேள்வியே போதும். பிடில் வரட்டும், சாக்சபோன் வரட்டும், கணினி வரட்டும், நாளை இன்னொன்று வரட்டும்; வரவேற்போம். ஆனால், வருகின்ற புதுமை தலைமடையிலே தேங்கி நின்று ஒரு சிலரை மட்டும் குளிப்பாட்டினால் போதாது. தூணோரம் நின்று தவில் வாசித்தவரின் திண்ணை வரையில் அது பாய வேண்டும். அவர் தோளில் துண்டு இருக்க வேண்டும். அழைப்பிதழில் அவர் பெயர் இருக்க வேண்டும். அவர் ஓரிடத்தில் இழுத்து நிறுத்தினால், மின்சாரம் காத்திருக்க வேண்டும்.

ஆண்டு விழா அடுத்த மாதம். அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருக்கிறது. தவில் என்ற சொல்லுக்கு எதிரே ஒரு பெயர் இருக்கிறது. கீபோர்டு என்ற சொல்லுக்கு எதிரே அவர் பேரன் பெயர். மாலை நேரங்களில் அந்தத் தெருவழியே செல்வோர் இப்போது சற்றே நின்று கேட்கிறார்கள். சிலர் தலையசைக்கிறார்கள்.